சிவப்பு வாளி

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போன அய்யாத்துரை இன்னும் வீட்டுக்குச் சாப்பிட வரவில்லை. வரவும் மாட்டார். அவருக்குக் கோபம் வந்தால் சாப்பாட்டில்தான் காட்டுவார். அதுவும் வீட்டுச் சாப்பாட்டில் மட்டும். குற்றாலத்தில் தன் சீசன் கடையில் உட்கார்ந்து வேளாவேளைக்குப் புரோட்டா வரவழைத்துச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்.

கோபத்துக்குக் காரணமான தாள், மேலகரத்து வீட்டில் காலண்டருக்குப் பின்னால் செருகியிருந்தது. மில் மேனேஜர் சாம்பசிவம் கொடுத்த விண்ணப்பம். தென்காசிப் பக்கத்து நூல் மில்லில் ஃபயர்மேனாக இருக்கும் அய்யாத்துரையின் மகன் ஆதித்தன், நாக்பூர் தீயணைப்புக் கல்லூரிக்குப் போய் ஆறு மாதம் படித்தால் சப் ஆபீசர் சர்டிபிகேட் கிடைக்கும். மில் லீவு தரும், படிப்புச் செலவிலும் பாதியை ஏற்கும். பாதியில் ஓடிவந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்காக, வீடு வாசல் உள்ள ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் குடும்பத்தில் வீடு வாசல் இருப்பது அய்யாத்துரை ஒருவர் பேரில்தான்.

படித்து முடித்த பிறகு என்ன என்று அந்தத் தாளில் ஒரு வரியும் கிடையாது. வேலை உயரும் என்று மில்லும் எழுதவில்லை, மில்லிலேயே இருப்பேன் என்று ஆதித்தனிடமும் எழுதி வாங்கவில்லை. “சர்டிபிகேட்டோட வாங்க, பார்ப்போம்” என்று மட்டும் சாம்பசிவம் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை காலை தாள் அவர் மேஜையில் இருக்க வேண்டும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை.

ஆதித்தன் மனைவி சுகிர்தத்துக்கு ஆஸ்பத்திரியில் இன்று லீவு. சீசன் ஞாயிறுகளில் மாமனார் கடைக்குப் போய் சிப்ஸ் பொட்டலம் கட்டிக் கொடுப்பாள். கோபம் அப்பனுக்கும் மகனுக்கும் இடையில்தான். அவளுக்கு அதில் பங்கு இல்லை. தலையில் பூ வைத்துக்கொண்டே கணவனைக் கேட்டாள்.

“ஒண்ணு கேக்கேன். கோவப்படாம சொல்லணும்.”

“கேளு.”

“நான் நர்சிங் படிக்கப் போகும்போது எனக்கு ஊசி போடத் தெரியாது, கட்டுக் கட்டத் தெரியாது, ஜுரம் பாக்கக்கூடத் தெரியாது. அதைப் படிச்சிட்டு வந்தேன். நீங்க ஏழு வருஷமா இந்த வேலை பாக்கிய. அந்தப் படிப்பு இல்லாம ஒங்களுக்கு என்ன தெரியல?”

ஆதித்தன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். போட்டு முடித்துவிட்டுக் காலரைச் சரிசெய்தான்.

“சர்டிபிகேட் இருந்தா ஒரு மதிப்பு,” என்றான்.

“அது மத்தவங்களுக்குத் தெரியுறது. ஒங்களுக்கு என்ன தெரியலன்னு கேக்கேன்.”

“எல்லாத்துக்கும் உடனே பதில் சொல்ல முடியுமா?”

“முடியாது. ஆனா யாக்கூப் வந்துட்டுப் போனதுல இருந்துதான் இந்தத் தாள் ஒங்க கண்ணுக்குத் தங்கமாத் தெரியுது. அதை நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்.”

யாக்கூப் அவனுடன் மில்லில் இருந்தவன். இப்போது சவுதியில், தம்மாமில், எண்ணெய்க் கம்பெனியில் இருக்கிறான். லீவில் வந்தபோது டீக்கடையில் சொன்னது இவ்வளவுதான்: அங்கே அந்தச் சர்டிபிகேட் உள்ளவன் ஜீப்பில் வந்து இறங்குவான், இல்லாதவன் ஹோஸ் குழாயை இழுப்பான். இதைக் கேட்ட நாளிலிருந்து ஆதித்தனுக்கு ஹோஸ் கனக்க ஆரம்பித்துவிட்டது.

“அது வேற பேச்சு,” என்றான் ஆதித்தன். காலண்டருக்குப் பின்னால் இருந்த தாளை எடுத்து மடித்து அவள் கைப்பையில் வைத்தான். “அப்பாகிட்ட இன்னைக்குக் கேட்டுருதேன்.”

இருவரும் டவுன் பஸ்ஸில் ஏறினார்கள். சாரல் அடித்ததால் ஜன்னல் படுதாவை இறக்கிவிட்டிருந்தார்கள். பேசாமல் இருப்பதற்கு அந்த இருட்டு சௌகரியமாக இருந்தது.

அய்யாத்துரையின் கடை மெயின் அருவிக்குப் போகிற வழியில், வரிசையில் மூன்றாவது. நான்கு கம்பு, மேலே பனையோலை, முன்னால் பலகை. இரண்டு பம்ப் அடுப்புகளில் இரண்டு சட்டி எண்ணெய். குளித்துவிட்டு ஈரத்தலையோடு நடுங்கி வருகிறவர்களுக்குச் சூடாக நேந்திரங்காய் சிப்ஸ் கொடுத்தால் விலை கேட்கமாட்டார்கள் என்பது அவர் கண்டுபிடிப்பு. வருடத்தில் மூன்று மாதம் இந்தக் கடை, மிச்ச நாளுக்கு இந்தக் கடையைப் பற்றிய பேச்சு என்று அவர் வாழ்க்கை போய்க்கொண்டிருந்தது.

பலகைக்குக் கீழே ஒரு சிவப்பு வாளி இருந்தது. சீசன் தொடக்கத்தில் ஆதித்தன் வாங்கி, பெயின்ட் அடித்து, ஆற்று மணலை நிரப்பி, மேலே ஒரு கோணியை மடித்துப் போட்டு வைத்தது. “எண்ணெய் பத்திக்கிட்டா யோசிக்கக் கூடாது. இந்த வாளியில இருக்கிறதை அப்படியே சட்டிமேல கொட்டணும்,” என்று அப்பாவுக்கும் மனைவிக்கும் இரண்டு தடவை செய்தே காட்டியிருந்தான். அன்றைக்கு அய்யாத்துரை பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டார்.

வாழைக்காய்க்காரனின் சிட்டையில் அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது இவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். அவர் கையெழுத்துப் போடுவதைப் பார்க்க வேண்டும். ‘ச. அய்யாத்துரை’ என்று ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி எழுதி, அடியில் ஒரு கோடு இழுத்து, கோட்டின் நுனியில் ஒரு புள்ளியும் வைப்பார். சீசன் கடை ஏலத்தில் முக்கால்வாசிப் பேர் கைநாட்டு வைக்கும்போது, தான் மட்டும் பேனா கேட்டு வாங்கிய கதையை இந்த ஊரில் கேட்காதவர்கள் இல்லை.

“எப்பா, நாளைக்குக் காலையில தாளைக் குடுக்கணும்,” என்றான் ஆதித்தன்.

“குடு. நான் வேண்டாம்னா சொன்னேன்? என் கையெழுத்தை மட்டும் கேக்காத.”

“ஆறு மாசம்தான்.”

“ஏலே, மில்லுல பஞ்சு பத்தினப்போ உள்ள போய் அணைச்சது நீயா, நாக்பூர்க்காரனா?”

“நான்தான்.”

“பொறவு அங்க போய் என்னத்தப் படிக்கப் போறே? தலைக்கு மேல இம்புட்டு அருவி விழுது. இதுக்கு அடியில நின்னுக்கிட்டு எம்மகன் தீயப் படிக்க நாக்பூர் போறான். வெளிய சொன்னா சிரிக்க மாட்டானா?”

பக்கத்துக் கடை பீர் மைதீன் நிஜமாகவே சிரித்தார். அவர் கடையில் குளியல் எண்ணெயும் சீயக்காயும். சிரித்த கையோடு, “அண்ணாச்சி சொல்லுததும் ஒரு நியாயம்தான்,” என்றார்.

அய்யாத்துரை குரலை இறக்கினார். “முட்டி நோவுது எனக்கு. அடுத்த வருஷ ஏலத்துக்கு நீ கூட நின்னா எடுக்கேன். இல்லன்னா விட்டுருதேன். கடையா, நாக்பூரா, நீயே முடிவு பண்ணு.”

இதைச் சொல்லும்போது அவர் மகனைப் பார்க்கவில்லை, சட்டியைப் பார்த்துச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த சுகிர்தத்துக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. கணவன்மேலும் பாவமாக இருந்தது. யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் பேப்பரைச் சுருட்டிப் பொட்டலம் செய்துகொண்டிருந்தாள்.

பதினொரு மணி வாக்கில் அருவிப் பக்கம் போலீஸ் விசில் கேட்டது. மலையில் நல்ல மழை போலும். தண்ணீர் கலங்கலாக, கல்லும் கட்டையுமாக இறங்க ஆரம்பித்திருந்தது. குளித்தவர்களையெல்லாம் ஒரே நேரத்தில் வெளியேற்றினார்கள். அத்தனை கூட்டமும் நடுங்கிக்கொண்டு கடை வரிசைக்கு வந்தது.

“காய் தீந்துபோச்சு. பஸ் ஸ்டாண்டுல வண்டி நிக்கும், ஒரு தாரை எடுத்துட்டு வா,” என்று அய்யாத்துரை சொன்னார். அன்று அவர் மகனிடம் கோபம் கலக்காமல் சொன்ன முதல் வார்த்தை அது. ஆதித்தன் கிளம்பினான்.

அதற்குப் பிறகு கால் மணி நேரம் இருக்கலாம். அய்யாத்துரை சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தார். சுகிர்தம் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். சீவிய காய் இல்லாத ஒரு சட்டியில் எண்ணெய் சும்மா காய்ந்துகொண்டிருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. முதலில் புகை வந்தது. சாரலில் எல்லாக் கடையிலும் புகைதான் என்று யாரும் பார்க்கவில்லை. பிறகு சட்டி முழுக்கச் சத்தமில்லாமல் தீ நின்றது.

“ஐயோ, எண்ணெய்,” என்று அய்யாத்துரை சட்டியை அடுப்பிலிருந்து இறக்கக் கையை நீட்டினார்.

சுகிர்தம் அலறவில்லை. தீக்காயம் பட்டு வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறவள் அவள். கணவன் சொன்னது அப்படியே ஞாபகம் வந்தது. குனிந்து சிவப்பு வாளியைக் கோணியோடு தூக்கினாள். வாளி எதிர்பார்த்த கனம் இல்லையே என்று மனசின் ஒரு ஓரத்தில் பட்டது. அதற்குள் கை வீசிவிட்டது.

வாளியில் இருந்தது தண்ணீர்.

சட்டியில் இருந்த எண்ணெய் தீயோடு எழும்பியது. கொஞ்சம் அய்யாத்துரையின் வலது கையில் விழுந்தது, கொஞ்சம் மேலே ஓலைக்குப் போனது. ஓலை வெளிப்பக்கம் நனைந்திருந்தாலும் உள்பக்கம் இரண்டு மாதப் புகையும் எண்ணெய்ப் பிசுக்குமாகக் காய்ந்து கிடந்தது. அது பற்றிக்கொண்டது.

கூட்டம் சிதறியது. நாலைந்து பேர் ஓடையிலிருந்து குடத்தில் தண்ணீர் மொண்டு ஓடிவந்தார்கள். அந்த நேரத்தில்தான் தோளில் வாழைத்தாரோடு ஆதித்தன் வந்தான். தாரை அப்படியே கீழே போட்டான்.

“தண்ணி ஊத்தாதிய. யாரும் ஊத்தாதிய,” என்று கத்திக்கொண்டே உள்ளே புகுந்து முதலில் இரண்டு அடுப்பும் அணையும்படி காற்றைத் திறந்துவிட்டான். கடையை மூடுகிற தகரத்தை எடுத்துச் சட்டிமேல் கவிழ்த்தான். பீர் மைதீன் அரிவாளால் ஓலையைக் கட்டியிருந்த முன்கயிற்றை வெட்ட, எரிகிற ஓலை சேற்றில் விழுந்தது. நாலு பேர் மிதித்தார்கள். அவ்வளவுதான். பக்கத்துக் கடைக்குப் போகவில்லை. சாரல் விடாமல் பெய்துகொண்டிருந்தது.

அய்யாத்துரையைச் சுகிர்தம் ஓடை வாய்க்காலுக்கு இழுத்துப் போய், கையைத் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். யாரோ ஒரு புண்ணியவான் நீல மை பாட்டிலோடு ஓடிவந்தார். “தீப்புண்ணுல மை ஊத்துங்கம்மா, கொப்புளிக்காது.”

“வேண்டாம். மையும் வேண்டாம், மாவும் வேண்டாம்,” என்று அதை அவர் கையிலிருந்து பிடுங்கித் தன் பைக்குள் போட்டாள். திருப்பிக் கொடுத்தால் ஊற்றிவிடுவார் என்று பயம்.

கடையில் கூட்டம் ஆதித்தனைச் சுற்றி நின்றது. “இதுக்கு மேல என்ன சர்டிபிகேட்டு வேணும் தம்பி? கண்ணால பாத்தோமே,” என்றார் பீர் மைதீன். மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். ஆதித்தன் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. சேற்றில் கிடந்த வாளியை எடுத்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான். அடியில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டிய மணல் ஒரு துகள்கூட இல்லை.

வாய்க்காலுக்கு வந்தான். “எப்பா, இதுல இருந்த மண்ணு எங்க?”

அய்யாத்துரை வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். “நான்தான் தட்டிட்டேன். காத்துல மண்ணு பறந்து சிப்ஸுல விழுது, யாவாரமா பாக்க முடியும்? அருவித் தண்ணி புடிச்சு வச்சேன். தீ வாளின்னா தண்ணிதானலே?”

“எப்ப?”

“நீ வச்ச மறுநாளே.”

சுகிர்தம் நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் அழுகை அப்போதுதான் வந்தது. “நீங்க சொன்னபடிதாங்க செஞ்சேன். அப்படியே கொட்டணும்னு சொன்னிய, கொட்டினேன். மாமா கை என்னாலதான…”

“உன்னால இல்ல,” என்றான் ஆதித்தன். யாரால் என்று சொல்லவில்லை. சீசன் முழுக்க ஒவ்வொரு ஞாயிறும் அந்த வாளியைத் தாண்டித்தான் அவன் கடைக்குள் போனான், வந்தான்.

சுகிர்தம் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே அய்யாத்துரைக்குக் கட்டுப் போட்டார்கள். காயம் முழங்கைவரை. விரல் அசைகிறது, பயமில்லை, ஆனால் நாளாகும் என்று டாக்டர் சொன்னார். மாமனாரின் கட்டைச் சுகிர்தமே கட்டினாள். அவள் அவசர அவசரமாகச் சுற்றுவதைப் பார்த்துவிட்டு, “ஏட்டி, மெதுவா கட்டு. நான் எங்கயும் ஓடிப் போகல,” என்றார் அவர். அதற்கும் அவளுக்கு அழுகைதான் வந்தது.

“நீ அப்பாவை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. நான் மில்லுக்குப் போயிட்டு வந்துருதேன்,” என்றான் ஆதித்தன்.

“இன்னைக்கு ஒங்களுக்கு ஷிப்டு இல்லையே.”

“தெரியும்.”

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவன் திரும்பி வந்தான். விரல் நகமெல்லாம் மண். அய்யாத்துரை கட்டிலில் படுத்திருந்தார். ஒரு வாரத்துக்குப் பிறகு வீட்டுக் கஞ்சி குடித்திருந்தார், அதுவும் மருமகள் ஊட்டி. கோபத்தைக் காட்டக் கையில்லாமல் போய்விட்டது.

ஆதித்தன் கை கழுவவில்லை. சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தான்.

“மில்லுல தீ வாளி எல்லாத்தையும் எறக்கிப் பாத்தேன்,” என்றான். “ஒண்ணுல வெத்தல எச்சி. ஒண்ணுல பீடித்துண்டு. ரெண்டு மூணுல மண்ணு ஈரத்துல எறுகிக் கல்லாக் கெடக்கு, அள்ளவே வரல. ஒரு வாளிக்கு அடியே இல்ல, பெயின்ட்டுதான் நிக்குது. வருஷா வருஷம் பெயின்ட் அடிச்சது நான்தான்.”

நக இடுக்கில் இருந்த மண்ணைச் சுரண்டினான்.

“தெனம் எல்லா வாளியும் தொங்குதான்னு எண்ணிப் பாப்பேன். உள்ள என்ன இருக்குன்னு ஒரு நாளும் பாத்ததில்ல.” மனைவியைப் பார்த்தான். “காலையில ஒண்ணு கேட்டியே.”

“ஒங்களுக்கு என்ன தெரியலன்னு கேட்டேன்.”

“தீ பிடிச்சா உள்ள போகத் தெரியும். தீ பிடிக்காத நாள்ல என் வேலை என்னன்னு தெரியாது. ஏழு வருஷமா அதுதான் தெரியல. சாம்பசிவம் சார் தாளோட சேத்துக் குடுத்த பாடத்திட்டத்துல பாதி அதுதான் இருக்கு. எத எத்தன நாளைக்கு ஒருதரம் பாக்கணும், எப்படிப் பாக்கணும், யாருக்குச் சொல்லிக் குடுக்கணும். இதெல்லாம் ஒரு படிப்பான்னு அந்தப் பக்கத்தத் திருப்பிட்டேன்.”

கட்டிலிலிருந்து அய்யாத்துரையின் குரல் வந்தது. “மண்ணத் தட்டினது நான். அதுக்கு நீ எதுக்குலே படிக்கப் போறே?”

“நீங்க தட்டுவியன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும்.”

அய்யாத்துரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அவர் வாயடைத்துப் போனதை அந்த வீடு பார்த்ததில்லை. மனைவி இறந்த அன்றுகூடப் பேசிக்கொண்டேதான் இருந்தார்.

சுகிர்தம் எழுந்தாள். காலையில் யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் இருந்தவளுக்கு இப்போது சந்தேகம் எதுவும் இல்லை. கைப்பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்து, ஒரு பலகைமேல் வைத்து, மாமனார் பக்கத்தில் கொண்டுபோனாள்.

அவர் கட்டுப் போட்ட வலது கையைத் தூக்கிக் காட்டினார். “இதை வச்சுக்கிட்டு எப்படிப் போடுவேன்?”

“இடது கை இருக்கே மாமா.”

“இடது கையால எழுத வராது.”

“எழுத வேண்டாம்.”

அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் முகம் சுருங்கியது. “கைநாட்டா? நானா?”

சுகிர்தம் கைப்பையைத் திறந்தாள். மை பாட்டில் இன்னும் அவள் பையில்தான் இருந்தது. மூடியைத் திறந்து பஞ்சில் மையைத் தொட்டுக்கொண்டு காத்திருந்தாள். ஆதித்தன், “வேண்டாம் சுகிர்தம், விடு. சார்கிட்ட நாலு நாள் கேட்டுப் பாக்கேன்,” என்றான்.

“நாலு நாள்ல கட்டு பிரிச்சுருவாங்களோ?” என்றார் அய்யாத்துரை. பிறகு இடது கையை நீட்டினார். பெருவிரலை மட்டும் தனியாக நிறுத்தி நீட்டினார்.

அவள் மை தடவி, விரலைத் தாளில் மெல்ல உருட்டி எடுத்தாள். ஜாமீன்தாரர் என்று அச்சடித்த இடத்துக்கு மேல் நீலமாகப் பதிந்தது. அடியில் கோடும் இல்லை, புள்ளியும் இல்லை. அய்யாத்துரை அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“படி. ஆறு மாசம் நல்லாப் படி. அடுத்த சீசன் ஏலத்தைப் பத்தி நான் பேசல,” என்றார். “ஆனா படிச்சிட்டு இங்கன வரணும். மில்லுக்கு வா, கடைக்கு வா, எங்க வேணாலும் வா. அந்த யாக்கூப் பின்னால பிளேன் ஏறக் கூடாது. சொல்லு.”

ஆதித்தன் தாளை எடுத்து மை காய்வதற்காக ஊதினான்.

“சொல்லுலே.”

சுகிர்தம் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே கணவன் முகத்தைப் பார்த்தாள். காலையில் அவள் கேட்டபோது அவனுக்குப் பதில் தெரியவில்லை. இப்போது அவர் கேட்பதற்கு அவனுக்குப் பதில் தெரியும் என்பது அவளுக்குத் தெரிந்தது. மை எப்போதோ காய்ந்துவிட்டது. அவன் ஊதிக்கொண்டே இருந்தான்.